முதல் தட்டு யாருடையது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. படிக்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. மூன்று வாரம் நான் பிடித்துக்கொண்டிருந்தேன், அதுவே போதும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பதினாறு வருஷமாக ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரார் உயிரையும் என் உயிரையும் காப்பாற்றி வருகிறேன். கோபம் மூக்குக்கு மேல் வரும். இதற்கெல்லாமா கோபம் என்று கேட்பவர்கள் ஒரே ஒரு நாள் என் சீட்டில் உட்கார்ந்து பார்க்கட்டும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் மட்டும் நான் வேறு ஆள். அன்று சாக்ஸபோன் வாசிப்பேன்.

எங்கள் ஜாஸ் குழுவில் ஐந்து பேர். டிரம்ஸ் வாசிப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், எங்களுக்கு அவர் கண்ணாடிக்காரர். குழுவுக்குத் தலைவரும் அவர்தான். டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, அது இருக்கிற இடத்துக்குத்தான் எல்லோரும் போயாக வேண்டும், அதனால் தலைவர். அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். லைசன்ஸ் டெஸ்ட்டில் மூன்று தடவை தோற்றார், அதற்காக அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சரி, சொன்னேன். பேஸ் கிட்டார் வாசிப்பவர் தபால்காரர். பியானோ என் தங்கை. நாற்பத்திரண்டு வயசாகியும் வீட்டில் அவள் குட்டிதான். டிரம்பெட் அவள் புருஷன், தீயணைப்பு நிலையத்தில் வேலை. மூச்சென்றால் அப்படி ஒரு மூச்சு. ஒரு சுரத்தைப் பிடித்தால் விட அவருக்கு மனசே வராது, அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'இழுவை' என்று பெயர். நேரில் மாப்பிள்ளை என்பேன்.

ஒத்திகை ஒரு மெத்தைக் கடையின் மாடியில் நடக்கும். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகள் நான்கு சுவரிலும் சாய்ந்து நிற்கும், அதனால் சத்தம் தெருவுக்குப் போகாது. அடுத்த மாதம் நகர நூலகத்தின் முன்கூடத்தில் நாங்கள் வாசிக்க வேண்டும். அதில் ஒரு பாட்டில் டிரம்பெட் ஒரு சுற்று தனியாக வாசித்து முடித்ததும் நான் ஒரு சுற்று தனியாக வாசிக்க வேண்டும். முன்பு அந்தச் சுற்றை வாசித்துக்கொண்டிருந்த கிளாரினெட்காரர் வேலை மாற்றலாகிப் போய்விட்டார், அதனால் எனக்கு வந்தது. நான் குழுவில் சேர்ந்த பதினோரு வருஷத்தில் எனக்கென்று தனியாகக் கிடைத்த முதல் சுற்று அது. பாட்டின் ஆரம்பத்திலும் கடைசியிலும் எல்லோரோடும் சேர்ந்து மெட்டு வாசிப்பது வேறு. அடியில் பியானோவும் டிரம்ஸும் போய்க்கொண்டிருக்க, எழுதிவைக்காமல், அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது வேறு. அது வராவிட்டால் நான் வாத்தியக்காரி இல்லை, சாக்ஸபோன் வாங்கி வைத்திருக்கும் ஒரு பெண்மணி, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றும் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் சுற்றின் ஆரம்பத்தையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு புத்தகம் வாங்கினேன். அதில்தான் பீபாப் ஸ்கேல் என்று ஒரு சுர வரிசை கிடைத்தது. இரண்டு நிமிஷம் பொறுத்துக்கொண்டு இதைக் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் என் கோபத்தில் இருந்த நியாயம் உங்களுக்குப் புரியாது.

எங்கள் வாத்தியங்களில் ஒரு வில்லங்கம். பியானோவில் ஒரு பெயருள்ள சுரத்துக்கு என் சாக்ஸபோனில் வேறு பெயர், டிரம்பெட்டில் இன்னொரு பெயர். பெயர் சொல்லிப் பேசினால் சண்டைதான் வரும். அதனால் எங்களுக்குள் ஸ ரி க ம என்றே பேசிக்கொள்வோம், ஸா எல்லோருக்கும் ஸாதான். அந்தப் பாட்டில் பியானோ அடியில் சேர்த்துப் பிடிப்பது நான்கு சுரங்கள்: ஸ, க, ப, அப்புறம் இரண்டு நியில் தாழ்ந்ததான சின்ன நி. இவர்கள் வீட்டு ஆட்கள். ரி, ம, த மூன்றும் விருந்தாளிகள். நாம் காலால் தட்டும்போது வீட்டு ஆட்கள் தட்டின் மேல் விழ வேண்டும். விருந்தாளிகள் இரண்டு தட்டுக்கு நடுவில், அரைத்தட்டில் வந்துவிட்டுப் போக வேண்டும். அப்போதுதான் காதுக்கு நிம்மதி. ஆனால் ஒரு தட்டுக்கு இரண்டு சுரமாக மேல் ஸாவிலிருந்து இறங்கிப் பாருங்கள், சுரம் ஏழு, ஒற்றைப்படை. ஸா தட்டில் விழும், சின்ன நி நடுவில் போய்விடும், த தட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து கீழே போகப் போக விருந்தாளிகளுக்கு நாற்காலி, வீட்டு ஆட்கள் வாசலில்.

இதற்கு பீபாப் ஸ்கேல் சொல்கிற வழி மிகச் சின்னது. ஸாவுக்கும் சின்ன நிக்கும் நடுவில் பெரிய நியை ஒரு சுரமாகச் சேர்த்துவிட வேண்டும். ஏழு எட்டாகிவிடும். ஸா தட்டில், பெரிய நி நடுவில், சின்ன நி தட்டில், த நடுவில், ப தட்டில், ம நடுவில், க தட்டில், ரி நடுவில், கீழ் ஸா மறுபடியும் டாண் என்று தட்டில். பெரிய நி அந்தப் பாட்டுக்குச் சொந்தமே இல்லாத சுரம். ஆனால் அது ஒன்று வந்து நுழைந்ததும் மற்றவர்கள் எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போய்விடுகிறார்கள். முதல் முறை கால் தட்டிக்கொண்டே வாசித்துப் பார்த்தபோது சமையலறையில் நின்றுகொண்டு தனியாகக் கைதட்டினேன்.

ஒத்திகையில் அது இடித்தது.

ஏன் என்று தெரியவில்லை. மாப்பிள்ளை தன் சுற்றை முடித்தார், நான் மேல் ஸாவில் ஆரம்பித்து எட்டுச் சுரத்தையும் ஒன்று விடாமல் இறக்கினேன், காதில் பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கண்ணாடிக்காரர் நிறுத்தினார். மறுபடி வாசித்தேன். மறுபடியும் அதே கூச்சம். அப்போதுதான் குட்டி, பியானோவிலிருந்து தலையைத் திருப்பாமலே, எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

"அக்கா, சுரமெல்லாம் சரி. விழற இடந்தான் தப்பு."

"எது எங்க விழணும்னு எனக்குத் தெரியும். உன் வேலையப் பாரு."

"என் வேலையே அதான். உனக்கு அடியில நான்தானே பிடிச்சிட்டிருக்கேன். இடிக்குது."

"நீ வேற எதையாவது பிடிக்கிறியோ என்னமோ!"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. பியானோக்காரியிடம் நீ தப்பாகப் பிடிக்கிறாய் என்பது என்னிடம் உனக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது என்பது மாதிரி. அவள் முகம் சிவந்தது. நான் சாக்ஸபோனைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, ஒத்திகை முடிவதற்கு முன்பே படியிறங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அடுத்த சனிக்கிழமை எங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு கை தூரம்தான். "மாப்பிள்ளை, பியானோவை இன்னும் கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்லுங்க" என்பேன். "ஏங்க, சத்தம் பத்தலன்னு போன வாரம் சொன்னதே அவங்கதான்னு சொல்லுங்க" என்பாள் அவள். பாவம் மாப்பிள்ளை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பியே அவருக்குப் பிடித்துக்கொண்டிருக்கும். கழுத்துப் பிடிப்புக்கு மருத்துவம் பார்ப்பதும் அவர் பெண்டாட்டிதான். குட்டி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட்.

மூன்றாவது சனிக்கிழமையும் இடித்தது. கண்ணாடிக்காரர் குச்சிகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். "டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வாரமும் சரியா வரலன்னா அந்தச் சுற்றை உங்க தங்கச்சி வாசிக்கட்டும். நீங்க முன்னாடியும் பின்னாடியும் மெட்டு வாசிங்க. உங்க மெட்டு அவ்வளவு அழகா இருக்கும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெட்டு அழகாக இருக்கிறதாம். நான் குட்டியைப் பார்த்தேன். அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் சார், அக்காவே வாசிக்கட்டும் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. இதற்குத்தான் இடிக்குது இடிக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தாள், என் சுற்று அவளுக்கு வேண்டும். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சிக்னலில் நின்றவர்களை வைதுகொண்டே வந்தேன்.

அந்த வாரம் முழுக்க மதிய இடைவேளையில் பயிற்சிக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வாசித்தேன். போனில் தாளக்கட்டை டிக் டிக் என்று போட்டுக்கொள்வேன். நான்கு எண்ணுவேன், நாலாவது எண்ணிக்கையில் மூச்சை இழுப்பேன், ஒன்றில் ஆரம்பிப்பேன். அப்பழுக்கில்லாமல் இறங்கும். நூறு தடவை வாசித்தால் நூறு தடவையும் சரி. அரை மணி முன்னதாகவே வந்துவிட்ட ஒரு மாணவி கண்ணாடியைத் தட்டி, "மேடம், ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டாள். சாக்ஸபோன் சத்தத்தை ஹாரன் மாட்டிக்கொண்டதாக நினைத்துவிட்டாளாம். அன்றைக்கு அவளுக்கு ரிவர்ஸ் எடுக்கிற பாடம், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் வாசிப்பதைப் பதிவு செய்து குட்டிக்கு அனுப்பினால் என்ன? பார், எது எங்கே விழுகிறதென்று நீயே கேள் என்று. அதோடு ஒத்திகையில் வாசித்ததையும் சேர்த்து அனுப்பினால் இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபித்துவிடலாம். கண்ணாடிக்காரர் வாராவாரம் ஒத்திகைப் பதிவை எல்லோருக்கும் அனுப்புவார். நான் அதில் என் பகுதியைக் கேட்டதே இல்லை. சிலர் தங்கள் போட்டோவைப் பார்க்க மாட்டார்கள் இல்லையா, அந்த மாதிரி. வழக்கு ஜெயிக்க வேண்டுமே என்று அன்று என் சீட்டுக்கு மாறி உட்கார்ந்து கேட்டேன். மாப்பிள்ளையின் சுற்று முடிகிற இடத்திலிருந்து, டிரம்ஸோடு சேர்ந்து, என் பிரேக்கின் மேல் காலால் தட்டிக்கொண்டே கேட்டேன்.

கால் கீழே போகிற ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு விருந்தாளி. பெரிய நியின் மேல் ஒரு தட்டு, தவின் மேல் ஒரு தட்டு, மவின் மேல் ஒரு தட்டு. நான்கு பேரையும் ஒழுங்காக உட்காரவைக்க வந்த அந்தப் பெரிய நி, நட்டநடு நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடியில் குட்டி சின்ன நியைப் பிடித்திருக்கிறாள், மேலே நான் பெரிய நியால் அடிக்கிறேன். இடிக்காமல் என்ன செய்யும்?

திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆறாவது தடவை பிடிபட்டது. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சுற்றை முடிக்கிறவர் தன் கடைசிச் சுரத்தை அடுத்தவருடைய சுற்றின் முதல் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் ஓய்வார். நடுவில் ஓட்டை விழக் கூடாது என்று கண்ணாடிக்காரர் எப்போதோ போட்ட சட்டம், பழகிப் பழகி யாரும் அதை நினைத்துப் பார்ப்பதுகூட இல்லை. ஆக, என் சுற்றின் முதல் தட்டில் மாப்பிள்ளை இருக்கிறார். அவர் வைத்து முடித்ததும், அரைத்தட்டு தள்ளி, நான் ஆரம்பிக்கிறேன். காரில் தாளக்கட்டையோடு வாசித்தபோது எனக்கு முன்னால் யாரும் இல்லை, அதனால் எல்லாம் சரியாக விழுந்தது. ஒத்திகையில் அரைத்தட்டு தள்ளி ஏறியதால் எட்டுப் பேரும் இடம் மாறிவிட்டார்கள்.

குட்டி சொன்னது சரி என்று அப்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது, எல்லாம் அந்த இழுவையால் வந்த வினை என்பதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி மாணவனை இறக்கிவிட்டு, சாக்ஸபோன் பெட்டியோடு நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை சீருடையில், சாப்பாட்டுப் பை கையில், வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தவர் என் மேலேயே வந்து முட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ளை! என் முதல் தட்டைத் தின்னுட்டு நிக்கிறீங்களே, நியாயமா?"

"நான் இன்னும் எதுவும் சாப்பிடலியேக்கா" என்றார் அவர், பையைத் தூக்கிக் காட்டி.

"கடைசி ஸாவைச் சொல்றேன். என் இடத்துல வந்து அதைப் போட்டுட்டு உக்காந்துக்கறீங்க. நான் எங்க போறது? நாளைக்கு அதைச் சீக்கிரமா விட்டுடுங்க, ஆமா."

"சரிக்கா. விட்டுடறேன்க்கா. வண்டிக்கு நேரமாச்சுக்கா" என்று சொல்லிக்கொண்டே இரண்டிரண்டு படியாக இறங்கினார். நெருப்புக்குள் போவதற்குக்கூட அந்த மனுஷன் அவ்வளவு வேகம் காட்டியிருக்க மாட்டார்.

உள்ளே குட்டி பியானோ பக்கத்தில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். கதவுக் கைப்பிடியில் அவள் நோயாளிகளுக்குக் கொடுக்கிற ரப்பர் பட்டைகள் தொங்கின, பியானோவுக்கு அடியில் ஒரு பெரிய நீலப் பந்து. மூன்று வாரத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை இது:

"அவரை எதுக்கு விரட்டற? அவர் வைக்கிற இடம் சரிதான்."

"அப்ப எனக்கு இடம்?"

அவள் துண்டை வைத்துவிட்டு பியானோ முன்னால் உட்கார்ந்தாள். "அவர் எந்த சுரத்துல முடிக்கிறார்?"

"ஸா."

"நீ எதுல ஆரம்பிக்கிற?"

"ஸாவுலதான். வேற எதுல ஆரம்பிப்பாங்க?"

"அதே ஸாவா?"

"அதே ஸாதான்" என்று சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"அவர்தான் இறக்கி வச்சிட்டாரே. மறுபடி அதை எதுக்குத் தூக்கற? அதை உன்னோட முதல் சுரமா எடுத்துக்கிட்டு ரெண்டாவதுல இருந்து வா."

"ரெண்டாவது பெரிய நி. சம்பந்தமில்லாத அந்தச் சுரத்தையா என் சுற்றுல முதல்ல வாசிக்கறது? ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"நினைக்கறதுக்குள்ள சின்ன நி வந்துடும். அது அரைத்தட்டுல வருது, கால் கீழ விழும்போது அது போயே போயிருக்கும்." கொஞ்சம் நிறுத்தினாள், வாயோரத்தில் பழைய குறும்பு. "ஓடிட்டிருக்கற ரோட்டுல சேரும்போது நின்னு ஃபர்ஸ்ட் கியர்லயா கிளம்புவன்னு பசங்ககிட்ட நாள் பூரா கத்துறது யாரு?"

எனக்குச் சுள்ளென்று வந்தது, உண்மையாக இருந்ததால்தான். பெட்டியைத் திறந்தேன். அவள் ஒற்றை விரலால் ஸாவை வைத்தாள். நான் அரைத்தட்டில் பெரிய நியில் நுழைந்தேன். சின்ன நி, ப, க, கீழ் ஸா. நான்கு தட்டில் நான்கு பேரும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். முதுகில் மூன்று வாரமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அப்படியே தளர்ந்தது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "ம்" என்றேன்.

"ம்ம்னா?"

"இதை மூணு வாரத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொல்லத்தான் ஆரம்பிச்சேன். நீ படியிறங்கிப் போயிட்ட."

அது உண்மைதான். அதோடு நிறுத்திக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் மனசில் இருந்ததைக் கேட்காமல் எனக்கு நகர முடியவில்லை. "என் சுற்று உனக்கு வேணுமா?"

குட்டி பியானோ மூடியை மெதுவாக இறக்கினாள். "கண்ணாடிக்காரர் என்னைக் கேட்டுட்டா சொன்னார்? நீ மட்டும் கேட்டியா? வாசிக்க ஆசையே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்க்கா. இருபது வருஷமா எல்லாருக்கும் அடியிலயே பிடிச்சிட்டிருக்கேன்."

வந்த வேகமெல்லாம் போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவளுக்கும் ஆசை இருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பியானோ என்றால் குட்டி, குட்டி என்றால் கூட வாசிப்பவள், அவ்வளவுதான் என் தலைக்குள் இருந்தது. சுரம் சரியாகிவிட்ட நிம்மதி ஒரு பக்கம், நாளைக்கு நான் சறுக்கினால் அது அவளுக்கு நல்லது என்கிற நினைப்பு இன்னொரு பக்கம். அந்த நினைப்பு என்னை விட்டுப் போகவே இல்லை.

சனிக்கிழமை மெத்தைக் கடை மாடியில் எல்லோரும் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வேலை முடிந்து காலையில் தூங்கி, கன்னத்தில் தலையணை மடிப்போடு கடைசி நிமிஷத்தில் வந்தார். கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், குச்சியால் நான்கு எண்ணினார். மெட்டு முடிந்தது. மாப்பிள்ளை தன் சுற்றை ஆரம்பித்தார். நான் மனசுக்குள் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்: அவர் ஸா வைப்பார், அது என் ஸா, நான் இரண்டாவதிலிருந்து.

நேற்று குட்டியோடு சரியாக விழுந்தது, இன்றைக்கும் விழும் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். அவர் சுற்று முடியப் போகிறது. கடைசி வரி மேலே ஏறி ஸாவை நெருங்கியது. நான் மூச்சை இழுத்தேன்.

மாப்பிள்ளை சட்டென்று டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார். முதல் தட்டுக்கு முழுசாக ஒரு தட்டு முன்னாலேயே. எடுத்துவிட்டு, என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, எடுத்துக்கோங்கக்கா என்கிற மாதிரி கையை வேறு நீட்டினார்.

நேற்று அவரிடம் நான் கத்தியதுதான் அவருக்குத் தெரியும். அவர் படியிறங்கின பிறகு நானும் குட்டியும் கண்டுபிடித்த வழி அவருக்குத் தெரியாது. அவரிடம் குட்டி சொல்லியிருப்பாள் என்று நான் இருந்துவிட்டேன், நான் சொல்லியிருப்பேன் என்று அவள் இருந்துவிட்டாள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒரு சுரத்தைச் சீக்கிரம் விடாத மனுஷன் அன்றைக்குப் பார்த்து விட்டார்.

இதையெல்லாம் இப்போது நிதானமாகச் சொல்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்தது, நான் கால் வைக்கப் போகிற படியைக் காணோம் என்பது மட்டும்தான். முதல் தட்டு வெறுமையாக வந்துகொண்டிருந்தது. அது காலியாக இருந்தால் என் பெரிய நி எதிலிருந்து இறங்கும்? விரல்கள் பழைய ஞாபகத்தில் மேல் ஸாவுக்குத் தாவப் பார்த்தன. அரைத்தட்டு தள்ளி அந்த ஸாவை வாசித்திருந்தேனானால் எல்லாம் பழையபடி இடித்திருக்கும், சுற்றும் போயிருக்கும்.

அப்போது பியானோவிலிருந்து ஒரு ஸா வந்தது. கொத்தாக இல்லை, ஒற்றைச் சுரம். டிரம்பெட் எந்த உயரத்தில் வைத்திருக்குமோ அதே உயரத்தில், முதல் தட்டின் நடு உச்சியில்.

நான் அடுத்த சுரத்திலிருந்து இறங்கினேன். கால் கீழே போகிற இடத்திலெல்லாம் வீட்டு ஆட்கள். கீழ் ஸாவுக்கு வந்து நின்றபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் சாக்ஸபோன் வாசிக்க முடியாது, அதனால் அடக்கிக்கொண்டு மேலே போனேன். அதற்குப் பிறகு என்ன வாசித்தேன் என்று கேட்டால் பாதிக்கு மேல் ஞாபகம் இல்லை. தோன்றியதை வாசித்தேன். தோன்றவும் செய்தது. நடுவில் ஒரு இடத்தில் விரல் வழுக்கி ஒரு சுரம் கீச்சிட்டது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். என் சுற்று முடிந்தது, எல்லோரும் மெட்டுக்குத் திரும்பினோம், பாட்டு நின்றது.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சரம்மா, தேறிட்டீங்க. லைசன்ஸ்ல நான் மூணு தடவை தோத்தேன், இதுல நீங்களும் மூணு தடவைதான். அந்தச் சுற்று உங்களுது."

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே விட்டுட்டேன் பாத்தீங்களா? நல்லா இருந்துச்சுல்ல?" என்றார் மாப்பிள்ளை, பெருமை தாங்காமல்.

அவரை அடிப்பதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. "ரொம்ப நல்லா இருந்துச்சு மாப்பிள்ளை. இனிமே தயவு செஞ்சு விடாதீங்க. உங்க இஷ்டத்துக்கு இழுங்க."

பிறகு பியானோவிடம் போனேன். குட்டி அடுத்த பாட்டின் தாளைத் தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"அந்த ஸாவை நீ வைக்காம இருந்திருந்தா நான் விழுந்திருப்பேன்" என்றேன். "சுற்று உனக்கு வந்திருக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வச்ச?"

"தெரிஞ்சது இப்பதான்க்கா. அப்ப எங்க யோசிக்க நேரம் இருந்துச்சு? ஓட்டை விழப் போகுதுன்னு தெரிஞ்சதும் கை போயிடுச்சு."

ஒரு வாரமாக அவள் மனசில் என்ன திட்டம் இருக்கிறதென்று கார் ஓட்டும்போதும், சாப்பிடும்போதும் நான் நோண்டி நோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யோசிக்கவே நேரமில்லாத இடத்தில் அவள் கை எங்கே போனது என்று பார்த்தால் போதும். அவள் உட்கார்ந்திருந்த சின்ன பெஞ்சில் ஓரமாக நெருக்கி உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"குட்டி, தப்பு பூரா என்னுது. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சரி விடு" என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "அந்தக் கீச்சு எங்க வந்துச்சுன்னு வேணா சொல்லட்டுமா?"

"கொன்னுடுவேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். மூன்று வாரத்துச் சிரிப்பு, நிற்கவே மாட்டேன் என்றது. அப்புறம் நான் அங்கிருந்தபடியே திரும்பி, "கண்ணாடிக்காரரே, எனக்கப்புறம் குட்டிக்கு ஒரு சுற்று வேணும்" என்றேன்.

"நேரம் பத்தாதே டீச்சரம்மா. நூலகத்துல நமக்குக் குடுத்திருக்கறதே நாற்பது நிமிஷம்."

"உங்க டிரம்ஸ் சுற்றுல பாதியைக் குறைங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாளில் தன் சுற்றுக்கு நேரே பாதி என்று எழுதிக்கொண்டார். குட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. முதுகை நிமிர்த்தி, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டாள்.

"அப்ப மறுபடி முதல்லருந்து போலாமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

நான் எழுந்து என் இடத்துக்குப் போனேன். என் சுற்றின் கடைசியில் ஸாவைக் குட்டிக்காக எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.